சேத்தூர் மதினி நாவலுக்குள் வந்த கதை

பரிபூரணத்துக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் நாவல் எழுதும் ஆசை வந்தது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். வேலை ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி ஆலையின் பேக்கிங் பகுதியில். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் தொடர்கதையாகப் படித்துத் தள்ளியவள், 1987-ல் ஒருநாள், "இம்புட்டுத்தான? நம்மளால ஏலாதா?" என்று எழுத உட்கார்ந்துவிட்டாள்.

முதல் அத்தியாயம் முழுக்க நிலா காய்ந்தது, தென்றல் வீசியது, கதாநாயகி சன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டாள். மதியச் சாப்பாட்டு வேளையில் அதைத் தோழிகளுக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டு பேர் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார்கள். சேத்தூரிலிருந்து வேலைக்கு வரும் வெள்ளத்தாய் மட்டும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏக்கா, அந்தப் பிள்ள சன்னல விட்டு எப்பத்தான் நகரும்? அவளுக்கு வீட்ல என்ன கொறை, அதச் சொல்லுங்க மொதல்ல."

பரிபூரணத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேள்வி நியாயமானதுதான். கதாநாயகிக்கு என்ன குறை? அதற்கு அவள் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நாத்தனாரைக் கொண்டுவந்து இறக்கினாள். பெயர் ஆவுடையம்மாள். இரட்டை மூக்குத்தி. இடுப்பில் சாவிக்கொத்து. வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் நுழைந்து, சட்டி சட்டியாக மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கம். அவ்வளவும் பரிபூரணம் தன் கணவன் தனுஷ்கோடியின் அக்கா பிச்சையம்மாளிடமிருந்து எடுத்தவை. போதாததற்கு ஆவுடையம்மாள் கண்ணை உருட்டினாள், பல்லைக் கடித்தாள், பக்கத்துக்குப் பக்கம் கத்தித் தீர்த்தாள். இப்போது ஆலையில் ஒருத்தியும் தூங்கவில்லை.

பிச்சையம்மாளுக்கும் சேத்தூர்தான் என்பதை எழுதுகிற சந்தோஷத்தில் அவள் மறந்துபோனாள். வெள்ளத்தாய்க்கு வாய் சும்மா இருக்குமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிச்சையம்மாள் வந்து நின்றாள். அக்காவின் முகத்தைப் பார்த்த தனுஷ்கோடி, பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, தூக்குவாளியைக்கூட எடுக்காமல் நழுவிவிட்டான்.

"வாங்க மதினி."

"வந்தது இருக்கட்டும். என்னய வச்சுக் கதை எழுதுதியாமே? வாசி, கேப்போம்."

தப்பிக்க வழியில்லை. பரிபூரணம் நோட்டை எடுத்து வாசித்தாள். சட்டி மூடியைத் திறக்கும் இடம் வந்தபோது தலையை நிமிர்த்தவே இல்லை. ஒருவழியாக முடித்தாள்.

"ஏட்டி, இவ எதுக்கு இந்தக் கத்துக் கத்துதா?" என்றாள் பிச்சையம்மாள்.

"அது... கோவக்காரி, மதினி."

"நான் உங்கிட்ட என்னைக்காவது கத்தியிருக்கனா?"

யோசித்துப் பார்த்தால் இல்லைதான்.

"நீ கல்யாணமாகி வந்து மொத மொத மீன்கொழம்பு வச்சியே, அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?"

"'நல்லாத்தான் இருக்கு, எந்தம்பி எதக் குடுத்தாலும் திம்பான்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னிய."

"இன்னும் மறக்கலல்லா? அப்ப அதத்தான எழுதணும்! சிரிச்சுக்கிட்டே சொன்னாத்தான் ஒறைக்கும். கத்துனா எவ பயப்படுவா?"

பரிபூரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் துணிச்சலில், இத்தனை வருசமாகக் கேட்காததைக் கேட்டாள். "ஏன் மதினி அப்படிச் சொன்னிய?"

பிச்சையம்மாள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டாள். "எங்காத்தா போன பொறவு அவனுக்கு நாந்தான் ஆக்கிப் போட்டேன். அன்னைக்கு உன் கொழம்பத் திரும்பத் திரும்ப வாங்கி ஊத்துதான். எனக்கு எப்படி இருக்கும்?"

மீன்குழம்பு நன்றாகத்தான் இருந்தது என்று பரிபூரணத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

எழுதியதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். ஆவுடையம்மாள் இப்போது குரலை உயர்த்துவதே இல்லை; தம்பியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலையில் அந்த இடத்தை வாசித்தபோது வெள்ளத்தாய் மூக்கை உறிஞ்சினாள்.

1991-ல் மதுரையில் ஒரு பதிப்பகம் நாவலைப் போட்டது. படித்தவர்கள் கதாநாயகியைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆவுடையம்மாளைப் பற்றித்தான் பேசினார்கள். பிச்சையம்மாள் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்துவிட்டு, "அது நாந்தான்" என்று சேத்தூரில் வீடு வீடாகச் சொல்லி வந்தாள்.

அந்த வருசம் ராஜபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தி முடிவதற்குள் மூன்று பெண்கள் தனித்தனியாகப் பரிபூரணத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மருமகளைத் தாங்கள் படுத்திய பாட்டை, அடுத்த நாவலுக்கு ஆகட்டும் என்று, ஒன்று விடாமல் ஆசையாகச் சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, மூன்றாவதாக வந்தவளிடம் மட்டும், "பொறவு ஒங்க மருமக என்ன சொன்னா?" என்று கேட்டாள்.