ஹருவே ஊன்றிய ஸ்டாண்டு

நிஷிவாகி ஹருவேவுக்கு அறுபத்துநான்கு வயது. ஒகுனோ ஊரின் மேல்தெருக்களுக்கு விடிவதற்குள் பேப்பர் போடுவது அவள் வேலை. இன்றைக்குப் பேப்பரை பிளாஸ்டிக் உறையில் போடுவதா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வானிலை அறிக்கையெல்லாம் அவளுக்குப் பிறகுதான். பேப்பர் தீர்ந்ததும் படம் எடுக்க ஸ்கூட்டர் கோட்டை மலைக்குத் திரும்பும். காமிரா பழசு, ஆள் பிடிவாதக்காரி.

கோட்டை என்று பேர்தானே ஒழிய, இப்போது இருப்பது கல்சுவர் மட்டும். இலையுதிர் காலத்தில் பள்ளத்தாக்கில் மூடுபனி நிரம்பினால் சுவர் மேகத்தின்மேல் மிதக்கும். அந்த ஒரே காட்சிக்காக ஊர் போட்டோ சங்கத்தார் அடித்துப் பிடித்துக்கொண்டு மலையேறுவார்கள். ஹருவேயோ கொட்டும் மழையிலும் போவாள், சூறைக்காற்றிலும் போவாள், முழங்காலளவு பனியிலும் போவாள். சங்கத் தலைவர் குவாபரா ஓய்வுபெற்ற துணைத் தலைமையாசிரியர். வருடா வருடம் காலண்டருக்கு அவள் கொடுக்கும் படங்களை ஒதுக்கித் தள்ளுவார்.

"மழைல ஊறின கல்லை யாரு சுவத்துல மாட்டுவாங்க, ஹருவேம்மா? போதாக்குறைக்கு நடுவுல அந்த மரம் வேற!"

அந்த மரம் ஒரு காகி மரம். தக்காளி மாதிரி சிவந்து பழுக்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்து, குடியேறியிருந்த மஞ்சூரியாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய ஒன்பது குடும்பங்களுக்கு அன்று ஊர் கொடுத்தது இந்த மலையுச்சியைத்தான். கோட்டைப் பிரபு வாழ்ந்த இடத்தில் ஹருவேயின் அப்பா சர்க்கரைவள்ளி போட்டார். ஹருவே பிறந்ததும் இங்கேதான். அவளுக்குப் பதினான்கு வயதானபோது, இது புராதனச் சின்னம், காலி செய்யுங்கள் என்றது அதே ஊர். வீடுகளைப் பிரித்துக் கீழே இறக்கினார்கள். மிஞ்சியது அப்பா வாசலில் நட்ட அந்த மரம் மட்டும். பிரபு விட்டுப்போன கல் என்றால் சின்னமாம், குடியானவன் விட்டுப்போன மரம் என்றால் இடைஞ்சலாம். என்ன நியாயமோ!

அந்த வருடம் சங்கம் மரத்தை வெட்டவே அனுமதி வாங்கிவிட்டது. நவம்பர் கடைசி ஞாயிறு என்று நாளும் குறித்தாயிற்று.

"அது எங்கப்பா நட்டது சார்."

"புரியுதும்மா. ஆனா படம்னா சுத்தமா இருக்கணும்ல?"

மன்றாடிப் பயனில்லை என்று ஹருவேவுக்குத் தெரியும், ஒரு தடவை பட்டவள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, இடத்துக்காக இரண்டு பேர் மலைமேல் கைகலந்ததும், குவாபரா தன் கைப்படவே ஒரு பலகை எழுதி அங்கே வைத்தார்: 'ஒருவர் ஊன்றிய காமிரா ஸ்டாண்டை, அவர் முடிந்தது என்று சொல்லும்வரை வேறு யாரும் தொடக்கூடாது.' மறுவாரமே பேப்பர் வண்டி தாமதமானதால் ஹருவே பத்து நிமிடம் பிந்தினாள். அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒசாகாக்காரர் ஒருவரின் ஸ்டாண்டு நின்றது. அந்த மனுஷன் காரில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் நகர்த்திக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, குவாபரா பலகையைத் தட்டிக் காட்டினார். "விதின்னா விதிதாம்மா."

ஞாயிறு வந்தது. மூடுபனி இல்லை, பனித்தூறல் விழுந்துகொண்டிருந்தது. குவாபரா நாலு ஆட்களோடும் மரம் வெட்டும் தொகுமாருவோடும் மேலே வந்தார். காகி மரத்தடியில், அடிமரத்தை ஒட்டி ஒரு ஸ்டாண்டு. அதில் 'நிஷிவாகி' என்று எழுதிய அட்டை. காமிராவுக்குப் பேப்பரின் பிளாஸ்டிக் உறை போட்டு, பக்கத்தில் குடையோடு ஹருவே.

"கொஞ்சம் நகருங்கம்மா, ரம்பம் வைக்கணும்."

"இன்னும் முடியல சார்."

தொகுமாரு பலகையை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். "என்னால தொட முடியாது சார். நீங்க எழுதி வெச்சதுதானே? அடுத்தவங்க ஸ்டாண்டைத் தூக்கினவன்னு ஊர்ல பேராயிட்டா நான் எப்படித் தலைகாட்டுறது?"

குவாபராவின் முகம் காதுவரை சிவந்துபோயிற்று. "வேணும்னே பண்றீங்க!"

"ஆமா, வேணும்னேதான் பண்றேன்."

"எப்பத்தான் முடிஞ்சதுன்னு சொல்வீங்க?"

"மழைல எடுக்கணும், காத்துல எடுக்கணும், முழங்கால் பனில எடுக்கணும். அவசரப்பட முடியுமா? எங்க வீட்டைப் பிரிச்சு இறக்குனீங்களே, அன்னிக்கு எங்கப்பாகிட்ட முடிஞ்சுதான்னு யாராச்சும் கேட்டீங்களா? அவர் கடைசிவரைக்கும் முடிஞ்சதுன்னு சொல்லவே இல்ல சார். நானும் சொல்ல மாட்டேன்."

ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கத் திரும்பினார்கள்.

"அப்படியே நில்லுங்க, அசையாதீங்க!" என்றாள் ஹருவே, உறையை உருவியபடி. "எங்க வீட்டு வாசல்ல விருந்தாளிங்க வந்து நிக்கிற படம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

மேலே பழக்கிளை தொங்க, நனைந்த கல்சுவருக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். அவள் எடுத்துக்கொண்டாள். ஸ்டாண்டை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு இறங்கினாள். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.