நெகட்டிவ் என்றால் ஒன்றுமில்லையாம்

என் மகளின் சிறுநீரில் இருந்த கிருமிக்கு, கொடுத்த மருந்தைத் தாங்கிக்கொள்ளும் திறன் எங்கிருந்து வந்தது? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மருத்துவமனையிலும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அவளுக்கு இரண்டு வயது. காய்ச்சல் விடாததால் எங்கள் ஊரான புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து டவுன் கிளினிக்குக்குக் கொண்டு போனோம். சிறுநீரைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்ததும் கிளினிக் பெண் என் கணவருக்குப் போன் செய்திருக்கிறாள். கிராம் நெகட்டிவ் பாக்டீரியா இருக்கிறது, மருந்தை மாற்ற வேண்டும், பிள்ளையைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் புஞ்சாக் ஆலாமில் லோரியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

வீட்டுக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார். "நெகட்டிவாம்லா. ஒன்னும் இல்ல."

"எது நெகட்டிவ்? சரியா கேட்டீங்களா?"

"கோவிட் நேரத்துல நெகட்டிவ்னா என்னா? வெளிய போலாம். அதான். நீ டாக்டருக்கு மேல படிச்சிருக்கியா?"

அவருடைய அம்மா, என் அத்தை, அதற்குள் முடிவு செய்துவிட்டார். "நோய் இல்லாத புள்ளைக்கு எதுக்கு மருந்து? வயிறு புண்ணாப் போயிடும்." பாதி மருந்து ஐஸ்பெட்டிக் கதவுக்குப் போனது. மறுநாள் நான் வேலைக்குப் போனேன். கிளினிக்கை அழைக்கலாமா என்று யோசித்தேன். கணவரை நம்பாமல் அழைத்தேன் என்று பேச்சு வருமே என்றும் யோசித்தேன். அன்று சாயங்காலமே பிள்ளைக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண். "மருந்த யாரு நிறுத்தச் சொன்னா அக்கா?"

"நெகட்டிவ்னு சொன்னாங்க."

அவள் பெருமூச்சு விட்டாள். கிராம் என்பது ஒரு சாயமிடும் முறையாம். ஊதாச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாக்டீரியா பாசிட்டிவ். கழுவும்போது அதை விட்டுவிட்டு, அடுத்த சாயத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிவது நெகட்டிவ். வெளிச்சுவர் வேறு மாதிரி இருப்பதால் அப்படி. நோய் இல்லை என்று அதற்கு அர்த்தமே இல்லை. பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை நான் உயிரியல் படித்தவள். உருண்டை, கோல், சுருள் என்று வடிவம் வாரியாகப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள். இந்தச் சொல்லை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உயிர் போகும் விஷயத்துக்கு இப்படி ஒரு பெயரை வைத்துவிட்டு, ஏன் புரியவில்லை என்று நம்மையே கேட்கிறார்கள்.

"முழுசாக் குடுத்திருந்தா சரியாயிருக்குமா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதுக்கா. இந்தக் கிருமி முன்னாடியே அந்த மருந்துக்கு அடங்காதது. அதனாலதான் மாத்தணும்னு கூப்பிட்டாங்க."

மருந்தைத் தாங்கும் அந்தத் திறன் கிருமிக்குத் தன் தாய்க் கிருமியிடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்லையாம். ஒரு பாக்டீரியா மெல்லிய இழை ஒன்றை நீட்டிப் பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாவை இழுத்துக்கொள்ளும். மரபணு வளையம் ஒன்றின் நகலை அதற்குக் கொடுத்துவிடும். வேறு இனத்துக்குக்கூடக் கொடுக்கும். வாங்கியது இன்னொன்றுக்குக் கொடுக்கும். யார் வயிற்றில், எந்த இறைச்சியில், எந்த மருந்துக்குப் பிறகு இது தொடங்கியது என்று தேடிப் பிடிக்க முடியாது என்றாள்.

ஊசி மருந்தில் பிள்ளை தேறினாள். வீட்டுக்கு வந்து ஐஸ்பெட்டியைத் திறந்தேன். மருந்து இல்லை.

"கெர்லிங்ல உன் நாத்தனார் மகனுக்கு இருமல். குடுத்து விட்டேன்," என்றார் அத்தை. "நல்ல மருந்த ஊத்திடவா சொல்ற?"

"அது நம்ம புள்ளைக்கே கேக்கலயே அத்தை."

"அவனுக்குக் கேக்கும்லா. ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி."

நாத்தனாரைப் போனில் அழைத்து, அந்த மருந்தைக் கொடுக்காதே என்றேன். "எங்கம்மா குடுத்தா விஷமா அண்ணி?" என்று போனை வைத்தாள். கணவரோ, "விடு, பெரியவங்க," என்கிறார். நெகட்டிவ் என்று சொன்ன வாய் அது. எனக்குக் கோபம்தான் வருகிறது. அத்தை கெட்டவர் அல்ல. மருத்துவமனைக்குத் தினமும் கஞ்சி கொண்டு வந்தவர். அதனால்தான் கத்தவும் முடியவில்லை.

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளை அத்தையிடம்தான் இருப்பாள். நான் சொல்லாமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது. இதை அவர் மனம் முறியாமல், ஆனால் கட்டாயம் கேட்கும்படி எப்படிச் சொல்வது? மாமியாரிடம் பிள்ளையை விட்டுச் செல்லும் தாய்மார்களே, நீங்கள் என்ன சொன்னீர்கள், எந்தச் சொல் பலித்தது என்று தயவு செய்து எழுதுங்கள்.