எங்கள் மாடுகளால் பூத்த தோணா

கலியாணம் முடித்து நான் மனைவியின் வீட்டுக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். வீடு கல்முனைக்குத் தெற்கே, தோணாக் கரையில் இருந்தது. வயல் பக்கமிருந்து வடிந்து வரும் தண்ணீர் கடலுக்குக் கொஞ்சம் இப்பால் தேங்கிக் கிடக்கும். மாரியில் மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழும். அதைத்தான் தோணா என்பார்கள். நான் மருதமுனைக்காரன், தறிச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவன். விடியலுக்கு இவ்வளவு அமைதி உண்டென்பதை இங்கே வந்துதான் அறிந்தேன்.

மனைவிக்கு ஐந்து பசுக்கள். பால் கறப்பது அவள். கொட்டில் கழுவுவது நான். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்து, கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றுவேன். சாணமும் மூத்திரமும் வைக்கோல் துணுக்குகளும் கலந்து, சரிவில் இறங்கி, தன்பாட்டில் தோணாவுக்குள் போய்விடும். நிலம் சரிவாக அமைந்தது எனக்கு நல்ல வசதி என்றே நினைத்திருந்தேன்.

கழுவி முடித்தபின் கரையில் போய் நிற்பேன். தண்ணீருக்கு மேலே பனி அசையாமல் நிற்கும். அதன் அடியில், ஆகாயத்தாமரை என்றும் சொல்கிற ஆற்றுவாழை கண்ணுக்கெட்டிய மட்டும் பூத்துக் கிடக்கும். மெல்லிய ஊதா நிறம்; மேலிதழில் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு. வெயில் ஏற ஏறப் பனி கரையும், ஊதா மட்டும் மிஞ்சும். அந்தப் பூக்களின் மேலே நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம் போலிருக்கும். இன்னும் தூக்கம் கலையவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வரும். கல்முனையில் நான் வேலை செய்த புடைவைக் கடைக்குப் பல நாள் பிந்தியே போனேன்.

அப்படி ஒரு காலையில் பன் வெட்டும் பெண் ஒருத்தி எங்கள் படலையில் வந்து நின்றாள். பாய் இழைக்கிற பன் தோணா ஓரத்தில்தான் முளைக்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுக்க வேண்டும். அவளுக்கு என் மனைவியின் வயதுதான் இருக்கும். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். முழங்கை வரைக்கும் சிவந்து தடித்திருந்தது.

"உங்கட வளவுக்கு நேர ரெண்டு நாள்தான் இறங்கி நிண்டன். பன்னெல்லாம் அடியில அழுகிப் போய்க் கிடக்கு" என்றாள்.

"அதுக்கு நாங்க என்ன செய்ய?" என்றேன்.

"காக்கா, உங்கட கொட்டில் கழுவுற தண்ணி எங்க போகுது?"

"தோணாவுக்குத்தான். எல்லாரும் அப்பிடித்தானே விடுறாங்க."

"ஓம், எல்லாரும்தான். ஆனா இந்தப் பூ உங்கட பக்கம்தான் இப்பிடி நெருங்கிக் கிடக்கு. உங்கட மாட்டுச் சாணியைத் திண்டுதான் அது பூக்குது."

எனக்குக் கோபம் வந்தது. உள்ளே போய்விட்டேன். அவள் போனபின் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்ப் பூக்களை விலக்கிப் பார்த்தேன். அடியில் தண்ணீர் கறுப்பாக இருந்தது. கூழ்முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. இத்தனை நாளும் நான் மயங்கி நின்றது இதன் மேல்தான். கம்பைப் போட்டுவிட்டு வந்து விறாந்தையில் உட்கார்ந்தேன்.

"அவ சொன்னது சரிதான்" என்றாள் மனைவி. "நம்மட கிணத்துத் தண்ணியும் இப்ப ஒரு மாதிரி மணக்குது. நீங்க பூப் பாக்கிற மும்முரத்தில கவனிக்கல்ல."

அவள்தான் வழி கண்டுபிடித்தாள். முதலில் சாணத்தைக் கழுவித் தள்ளுவதை நிறுத்தினோம். சவளால் வழித்தெடுத்து, கிணற்றுக்குத் தூரமாகக் குவித்து, மேலே கிடுகுப் பந்தல் போட்டோம். காய்ந்த சாணம் மாவடிப்பள்ளியில் இருந்த அவளுடைய கூடப்பிறந்த காக்காவின் வயலுக்கு உழவு இயந்திரத்தில் போனது. வழித்த பிறகு கழுவ நாலு வாளி போதுமாயிருந்தது.

அந்த நாலு வாளித் தண்ணீருக்குச் சரிவின் குறுக்கே நீளமாக ஒரு கிடங்கு வெட்டத் தொடங்கினேன். "வெறும் மணல்ல விட்டா கிணத்துக்குத்தான் ஊறும்" என்று மனைவி தடுத்தாள். உழவு இயந்திரம் திரும்பி வரும்போது வயல் களிமண்ணை ஏற்றி வரச்செய்து, கிடங்கின் அடியில் போட்டு இருவரும் மிதித்து இறுக்கினோம். பிறகு அவள் பன் வெட்டும் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனாள். திரும்பும்போது அந்தப் பெண்ணும் கூடவே வந்தாள். சாக்கு நிறையப் பன் கிழங்கு.

"ஆத்துவாழை சாணித் தண்ணியைத் திங்குமெண்டா பன்னும் திங்கும்தானே, காக்கா" என்றாள். "தோணாவுக்குப் போக முந்தி இஞ்சயே திண்டு முடிக்கட்டும்."

அவள் குரலில் பழைய கோபம் இல்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மூவருமாக நட்டு முடித்தோம்.

மாரி வந்தது. மூன்று நாள் விடாத மழையில் கிடங்கு நிரம்பி வழிந்தது. பந்தல் சாய்ந்தது, சாணக் குவியல் பாதி கரைந்து தோணாவுக்குள் இறங்கியது. மாதக்கணக்காகப் பிடித்து வைத்ததெல்லாம் ஒரே பகலில் போவதை நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகைதான் வந்தது.

"மழை விட்டா மறுகா வெட்டுவம்" என்றாள் மனைவி. "உள்ளுக்க வாங்க."

மறுபடி வெட்டினோம். குவியலை மேட்டுக்கு மாற்றினோம். மழைவெள்ளம் கொட்டில் பக்கம் வராமல் மேற்புறத்தில் வரம்பு கட்டினோம். அடுத்த மாரிக்கு வரம்பு நின்றது. பன் என் தலைக்கு மேலே வளர்ந்து, காற்றடிக்கும்போது சரசரத்துக்கொண்டேயிருந்தது. கிடங்கின் மறுமுனையில் கசிந்த தண்ணீர் தேயிலைச் சாயம் போலத்தான் இருந்தது, ஆனால் நாற்றம் போய்விட்டது. தோணா முழுதும் தெளிந்துவிடவில்லை. எங்கள் வளவுக்கு நேரே ஆற்றுவாழை ஐதாகி, இடையிடையே வெறும் தண்ணீர் தெரிந்தது. காலையில் அதில் மேகம் போகும். மீன்குஞ்சு துள்ளினால் மேகம் உடைந்து, மெல்ல மெல்ல மறுபடி கூடும். அந்த ஊதாவுக்கு மனம் ஏங்கியதும் உண்மைதான்.

தோணாவின் மேல்பக்கத்தில் எங்களைவிட அதிகம் மாடு வைத்திருந்த ஒருவர் ஒரு நாள் வந்தார். கிடங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தார். குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளி மணந்து பார்த்தார்.

"புள்ள, என்ட வளவில இதை எங்க வெட்டலாம்?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"இடத்தைப் பாத்தாத்தானே சொல்லலாம்" என்றாள் அவள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மண்வெட்டியை என் கையில் தந்துவிட்டு, அவருக்கு முன்னே நடந்தாள். மாடுகள் வெளியேறாமல் படலையைச் சாத்திவிட்டு நானும் பின்னால் போனேன்.