உறைந்த கடலில் அண்ணனை விட்டு வந்த பகல்

என் அண்ணன் டிரெய்லர் டிரைவர். எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு மாதவரம், புழல் தாண்டி ஒரகடம் வரைக்கும் போவான். இறக்கிவிட்டு வெற்றுப் பெட்டியோடு திரும்புவான். எங்கள் வீடு அப்போது ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அம்மா முதலில் போய்ச் சேர்ந்தாள். நான் பத்தாவது படிக்கும்போது, ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பாவும் போய்விட்டார். என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன்தான் என்னைப் படிக்க வைத்தான்.

அந்தப் படிப்பு என்னை எஸ்டோனியா வரைக்கும் கொண்டுபோனது. தலைநகர் தாலினில் இரண்டரை வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அந்த இரண்டரை வருடத்தில் நிறைய ஊர் சுற்றினேன். பஸ் பிடித்து ரிகா போனேன். இரண்டு மணி நேரக் கப்பலில் ஹெல்சிங்கி போய், மீன் சூப் குடித்துவிட்டு அன்றைக்கே திரும்பினேன். எதுவும் மறக்கவில்லை. ஆனால் எந்தப் பயணம் ரொம்பப் பிடித்தது என்று யாராவது கேட்டால், வாய் ஹெல்சிங்கி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் அண்ணனோடு போன இன்னொரு பயணத்துக்குப் போய்விடும். அந்தப் பயணத்தில் நான் எடுத்த போட்டோ மூன்றே மூன்று. மூன்றும் கரையில் எடுத்தவை.

இரண்டாவது குளிர்காலத்தில் அண்ணனை வரவழைத்தேன். பிப்ரவரியில் டிக்கெட் மலிவு என்பதால் பிப்ரவரி. வந்து இறங்கியவனுக்கு நான் வாங்கி வைத்திருந்த கோட்டு தோளில் பிடித்தது. அதற்குள் இரண்டு ஸ்வெட்டரும், தலையில் ஆரஞ்சுத் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையை மடக்க முடியாமல் ஊரைச் சுற்றினான். தேவாலயங்களும் கோட்டையும் அவனுக்கு அரை நாளில் அலுத்துவிட்டன. துறைமுக வாசலில் போய் நின்றுகொண்டு லாரிகளைப் பார்ப்பதுதான் பிடித்தது.

"இன்னா பாப்பா, ஒருத்தன் கூட ஹாரன் அடிக்க மாட்றான். வண்டி எல்லாம் கயுவி வெச்ச மாதிரி கீது. இவனுங்கள மணலி ரோட்டுல ஒரு நாள் ஓட்ட சொல்லணும்."

அந்த வருடம் குளிர் கடுமையாக இருந்தது. மேற்கே ஹியுமா என்று ஒரு தீவு இருக்கிறது. குளிர் போதுமான அளவு நீடித்தால், கரைக்கும் அந்தத் தீவுக்கும் நடுவே கடல் உறைந்து, அதன் மேலேயே கார் போக வழி திறப்பார்கள். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். எல்லா வருடமும் திறப்பதில்லை. சில வருடங்களுக்குப் பிறகு இப்போதுதான் திறந்திருக்கிறது, போய்விட்டு வா என்று அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி சொன்னாள். எனக்கு அங்கே லைசென்ஸ் கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வாடகைக்குச் சின்னக் கார் ஒன்று எடுத்தேன். அண்ணனிடம், ஒரு தீவுக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசை. அந்த ஆசையை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

கரையை அடைந்தபோது மணி பதினொன்று. வெயில் வெள்ளையாக அடித்தது. அண்ணன் இறங்கி நாலு பக்கமும் பார்த்தான்.

"கப்பல் எங்க பாப்பா?"

"கப்பல்ல இல்லண்ணா. கார்லயே போறோம்."

"பாலம் கீதா?"

"இல்ல. தோ, உனுக்கு எதுருல கீதே, அதான் கடல். ஐஸாயிட்ச்சு. அது மேலயே போலாம்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். அதற்குள் ஒரு கார் எங்களைத் தாண்டி, கரைச் சரிவில் இறங்கி, கடல் மேல் போகத் தொடங்கியது. அண்ணன் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"நீ இன்னா, மெண்டலா? வூட்டுக்குப் போலாம் வா."

இழுத்துப் பிடித்து ஏற்றினேன். பனிப் பாதையின் வாசலில் ஆரஞ்சு நிறக் கோட்டுப் போட்ட காவலர் ஒருவர் வண்டியின் எடையைக் கேட்டார். எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டார். விதிகள் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். சீட் பெல்ட் போடக்கூடாது. கதவைப் பூட்டக்கூடாது. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நல்ல தூரம் இருக்க வேண்டும். வேகம் இருபத்தைந்துக்குள் இருக்கலாம், இல்லையென்றால் நாற்பதுக்கு மேல் இருக்கலாம், இரண்டுக்கும் நடுவே கூடவே கூடாது. அந்த வேகத்தில் வண்டி போனால் பனிக்கட்டிக்கு அடியில் அலை கிளம்பி, கட்டியை உடைத்துவிடுமாம். கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது: எங்கேயும் நிறுத்தக்கூடாது.

ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பெல்ட் விஷயம் மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

"நம்ம ஊர்ல போடலன்னா புடிக்கிறான். இவன் போட்டா புடிப்பானா? ஏன்?"

"உள்ள உயுந்தா சட்டுனு வெளிய வர்றதுக்குண்ணா."

அவன் கோட்டின் ஜிப்பைக் கீழே வரைக்கும் இறக்கிவிட்டான். கதவுக் கைப்பிடியில் விரலை வைத்தவன் எடுக்கவே இல்லை.

முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. இருபுறமும் பச்சைக் கிளைகளைப் பனியில் குத்திப் பாதையை அடையாளம் காட்டியிருந்தார்கள். வானமும் தரையும் ஒரே வெள்ளை. வேகம் காட்டும் முள் ஐம்பதில் நின்றது. அண்ணன் சாலையைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்து, ஏலம் போடுகிறவன் மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"நாப்பத்தி எட்டு... நாப்பத்தி ஆறு... கொறையுது பாரு, கொறையுது. அமுக்கு!"

பாதி தூரம் போயிருப்போம். காற்று கிளம்பியது. பனி மேலிருந்து விழவில்லை. தரையிலிருந்து எழும்பிப் பக்கவாட்டில் அடித்தது. கிளைகள் ஒன்றிரண்டு தெரிந்தன, பிறகு அவையும் மறைந்தன. வைப்பர் ஓட ஓடக் கண்ணாடி மூடிக்கொண்டது. அந்த வெள்ளைக்குள் மஞ்சளாக இரண்டு விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. எங்களுக்கு முன்னால் போன கார் பாதையில் குறுக்காக நின்றுகொண்டிருந்தது.

பிரேக்கை மெதுவாக மிதித்தேன். முள் நாற்பதைத் தாண்டிக் கீழே இறங்கியது. முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. அண்ணன் "வோணாம், வோணாம்" என்றான். அது என்னைப் பார்த்துச் சொன்னதா, கடலைப் பார்த்துச் சொன்னதா தெரியவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பக்கத்தில் எங்கோ டப்பென்று வெடித்து, எங்கள் காருக்கு அடியில் ஓடி, தூரத்தில் போய் அடங்கியது. நடையை விட மெதுவாகக் காரை நகர்த்திக்கொண்டு, குறுக்கே நின்ற காருக்குப் பக்கத்தில் போனேன்.

எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. ஒரு விரிசலின் ஓரத்தில் நீர் மேலேறிப் பனியைக் கூழாக்கியிருந்தது. அவர்களின் பின் சக்கரம் அதில் இறங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவர் வெளியே நின்று தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

நான் ஒன்றும் யோசிப்பதற்குள் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு, நகரும் காரிலிருந்து இறங்கிவிட்டான். இறங்கின இடத்தில் கணுக்கால் வரை தண்ணீருக்குள் போனான். போய்விட்டான் என்றே நினைத்தேன். என் தொண்டையிலிருந்து வந்தது வார்த்தையே இல்லை. அவன் காலை உதறி எடுத்தான், தரையை இரண்டு முறை மிதித்துப் பார்த்தான். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் சாலையில் பள்ளம் பார்த்து லாரியை இட்டுப்போகும் கிளீனர் மாதிரி, என் காருக்கு முன்னால் நடந்து, கையை ஆட்டினான்.

"வரட்டும், வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... வரட்டும்!"

அவன் நடந்த தடத்திலேயே ஊர்ந்தேன். அந்தக் காரைத் தாண்டியதும் அவன் என் ஜன்னலைத் தட்டினான்.

"நிக்காத. போய்க்கினே இரு."

"நீ ஏறு!"

"ரெண்டு வண்டி ஒரே எடத்துல நிக்கக் கூடாதுன்னு நீதானே படிச்ச? கெயவன் ஒருத்தனா தள்ள மாட்டான். நான் தள்ளி உட்டுட்டு அவங்க வண்டியிலயே வந்துர்றேன். நீ போ பாப்பா."

"ண்ணா, ஏறுண்ணா..."

"போன்னு சொல்றேன்ல!"

அப்பா செத்த அன்றைக்குக் கூட அவன் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. நான் போனேன். கண்ணாடியில் அவன் ஆரஞ்சுத் தொப்பி கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

மீதி தூரம் எப்படிப் போனேன் என்று கோர்வையாகச் சொல்ல வரவில்லை. ஒரு கிளை தெரிந்தால் அடுத்த கிளை தெரியும் வரை மூச்சு விடவில்லை. அருள்நிறை மரியே ஜெபத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பக்கத்துச் சீட்டில் அவன் போன் கிடந்தது. அவனுக்கு இங்கிலீஷ் இருபது வார்த்தை தெரியும், அந்த ஊர் மொழியில் ஒன்றும் தெரியாது. பாஸ்போர்ட் என் பையில். கடலுக்கு நடுவே என் அண்ணன் யார் என்று சொல்ல அவனிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை என்பதுதான் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

தீவுக் கரை ஏறியதும் காரை நிறுத்தி இறங்கினேன். அங்கிருந்த காவலரிடம் சொன்னதும் அவர் ரேடியோவில் பேசினார். மறுகரையில் வாசலை மூடிவிட்டார்கள் என்றார். பனிக்குள்ளிருந்து ஒரு கார் வந்தது, அது அவர்கள் இல்லை. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று வந்தது, அதுவும் இல்லை. நடுவில் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். முன்னால் எதுவுமே தெரியவில்லை என்று அந்த ஓட்டுநர் கையை விரித்தார்.

நாற்பது நிமிடம் ஆனது. மூன்றாவதாக வந்த காரின் பின் சீட்டில் அவன் இருந்தான். தலையில் அந்த அம்மாளின் கம்பளித் தொப்பி. மடியில் கம்பளி. காலில் பெரியவரின் காலுறை. இறங்கியவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், தாடை அடித்துக்கொண்டதில் சொல் வரவில்லை. அந்த அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணனைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னாள். ஒரு வார்த்தை புரியவில்லை, நானும் அழுதேன்.

துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டீக்கடை மாதிரி இருந்தது. அண்ணன் கோப்பையை எடுத்தான். கீழே வைத்துவிட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"மெர்சலாயிட்டேன் பாப்பா," என்றான்.

"நீயா? கன்டெய்னரை வெச்சுக்கினு எண்ணூர் ரோட்டுல பறக்கிற ஆளு நீ."

"எவன் சொன்னான் உன்னாண்ட? தெனம் பயம்தான்." ஜன்னலுக்கு வெளியே முகவாயால் காட்டினான். "அந்த ஐஸ் வெடிச்சுதே, ஒரு சத்தம். அத்த நான் முன்னாடியே கேட்டுகீறேன். நீ காலேஜ் சேர்ந்த வருஷம். திருவொற்றியூராண்ட ஒரு பொண்ணு ஸ்கூட்டில வந்து, மணல்ல வழுக்கி என் வண்டிக்குக் கீய பூட்ச்சு. ஹெல்மெட் ஒடஞ்ச சத்தம் அதே மாதிரிதான் இருந்துது."

"செத்துட்டாளா?"

"இல்ல. ஒரு காலு பூட்ச்சு. என் மேல தப்பு இல்லன்னு எயுதிட்டாங்க. அப்பால ரெண்டாவது நாளே வண்டி எடுத்தேன். எடுக்காம? உனுக்கு ஃபீஸ் கட்டணும்ல."

அந்த வருடம் ஸ்கூட்டி கேட்டு நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். "பஸ்ஸுல போ" என்பதைத் தவிர அவன் எதுவும் சொல்லவில்லை. கஞ்சன் என்று தோழிகளிடம் திட்டியிருக்கிறேன். அதை அவனிடம் சொல்லப் பார்த்தேன். அவன் கேட்கிற நிலையில் இல்லை. மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றோடு அந்தப் பாதையை மூடிவிட்டார்கள், அந்தக் குளிர்காலத்தில் திரும்பத் திறக்கவில்லை. இரண்டு நாள் தீவில் தங்கினோம். அந்தத் தம்பதி ஒரு வேளைக்கு அழைத்து, புகையில் வாட்டிய மீன் போட்டார்கள். அண்ணன் நான்கு துண்டு சாப்பிட்டான். நம்ம நெத்திலிக்குப் பக்கத்தில் வராது என்று தமிழில் அந்த அம்மாளிடமே சொன்னான். அவள் மகிழ்ச்சியாகத் தலையாட்டினாள். திரும்பும்போது கப்பல். அது பனியை உடைத்துக்கொண்டு போன ஒன்றே கால் மணி நேரமும் அவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் ஊருக்கே வந்துவிட்டேன். விம்கோ நகரில் வீடு, அண்ணன் குடும்பம் இரண்டு தெரு தள்ளி. அவன் இன்னும் டிரெய்லர்தான் ஓட்டுகிறான். தீவிலிருந்த அந்த இரண்டாவது நாளில் அவனிடம் ஒரு சத்தியம் வாங்கினேன்: லோடு ஏற்றியதும் எனக்கு ஒரு மெசேஜ், இறக்கியதும் ஒரு மெசேஜ். எழுத அவனுக்குப் பொறுமை இல்லை. கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவான், அவ்வளவுதான். முதல் கட்டைவிரல் காலையில் வரும். இரண்டாவது வருவதற்கு மூன்று மணி நேரமும் ஆகும், ஏழு மணி நேரமும் ஆகும். அதுவரைக்கும் மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று யாராவது கேட்டால் என்னால் முழுதாகச் சொல்ல முடியாது.