காய்க்காததற்குக் கட்டிய செருப்பு

சித்தம்மாவின் பாகல் பந்தலில் பூவுக்குக் குறைவில்லை. கம்பி தெரியாமல் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பிஞ்சுதான் நிற்கவில்லை. பூவுக்குப் பின்னால் முள்ளு முள்ளாகத் தலைகாட்டும். மறுநாளே வெம்பி உதிர்ந்துவிடும்.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவள். ஊரான் மாடிக்கெல்லாம் கான்கிரீட் சுமந்து கழுத்து தேய்ந்த பிறகுதான் மலையடிவாரத்தில் இந்தத் துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். இனித் தலையில் சட்டி ஏற்றுவதில்லை என்று அன்றைக்கே சும்மாட்டுத் துணியை அடுப்பில் போட்டாள். இந்தப் போகம் பொய்த்தால் குத்தகை போகும். சட்டி திரும்பி வரும்.

அவள் கணவன் காளியப்பன் பிய்ந்த செருப்பு ஒன்றைப் பந்தல் காலில் கட்டினான். காய்க்காத மரத்துக்கும் கொடிக்கும் அப்படிக் கட்டுவது அவர்கள் ஊர் வழக்கம். அவமானம் தாங்காமல் காய்க்குமாம்.

“திமிரு புடிச்ச கொடி. நாலு பேரு பாத்துச் சிரிச்சாத்தான் புத்தி வரும்.”

“சிரிக்கறதுக்கு இங்க ஒரு தேனீயாச்சும் வருதாங்க?”

சொன்ன பிறகுதான் சித்தம்மாவுக்கே உறைத்தது. போன வருசம் பந்தலுக்குள் தலையை நுழைத்தால் ரீங்காரம் காதை அடைக்கும். மேட்டிலிருந்த புங்கந்தோப்பில்தான் கூடுகள் இருந்தன. கோடையில் தோப்பை வேரோடு பிடுங்கி மனை போட்டார்கள். முதல் மழைக்கே மேட்டுச் செம்மண் இறங்கி அவள் கிணற்றைக் குழம்பாக்கியது. மனைக்கு முன்னால் சிமெண்ட் வளைவு. அதில் கன்னடத்தில் ‘ஹொங்கேவனா’, புங்கங்காடு என்று பொன்னெழுத்து. கொன்றவனே செத்ததன் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறான்.

பூவைக் கிள்ளிப் பூவோடு தேய்த்துப் பார்த்தாள். நாலு காய் நின்றது. பந்தல் முழுவதற்கும் தேனீயாக அவளுக்கு எத்தனை கை?

செருப்பை அவிழ்த்துக்கொண்டு மேடேறினாள். வளைவின் கம்பியில் இறுக்கிக் கட்டினாள். காவலாளி சுரேந்தர் ஓடி வந்தான்.

“பேட அக்கா, வேண்டாம்! முதலாளி பாத்தா என்னையத்தான் கிழிப்பாரு. கொடிக்குக் கட்டறத இங்க கட்டறீங்களே!”

“உள்ள போயி நல்லாப் பாத்துட்டு வா தம்பி. எங்கயாச்சும் ஒண்ணு காய்ச்சிருக்குதா?”

“கல்லு நட்ட எடத்துல என்னக்கா காய்க்கும்?”

“அப்பச் சரியாத்தான் கட்டியிருக்கறேன்.”

பந்தல் கருகியது. திங்கட்கிழமை கான்கிரீட் வேலைக்குப் போகும் வழியில் வளைவைப் பார்த்தாள். செருப்பைக் காணோம்.

அவள் கூடையில், சோற்றுத் தூக்குக்கு அடியில், ஜோடியின் மற்றது இருந்தது.