கொரியாப் படத்தை வெட்டிவிட்டார்கள்

தயாளனின் பதினாறாம் நாள் காரியம். புதுவாயலில் அவன் வீட்டுக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என் படத்தை வெட்டியிருந்தார்கள்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர் நான். சேஃப்டி போர்டு எழுதுவதிலிருந்து ஆயுத பூஜைக்கு வாசலில் பிள்ளையார் வரைவது வரை எல்லாம் என் தலையில்தான் விழும். அதனால் அங்கே எனக்குப் பெயரே 'ஆர்ட்டிஸ்ட்'. ஆனால் இந்த ஆர்ட்டிஸ்ட் உருப்படியாக வரைந்தது ஒரே ஒரு படம்.

கொரியா

பெயின்ட் அடிக்கிற புது ஸ்ப்ரே பூத் வந்தபோது ட்ரெயினிங்குக்கு என்னையும் ஆபரேட்டர் தயாளனையும் கொரியாவுக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. தெருவில் இறங்கிய தயாளன் வாய்விட்டுச் சிரித்தான். முன்பல் கோணல் என்று போட்டோவில் உதட்டைத் திறக்காத ஆள் அவன். அந்தச் சிரிப்பையும் தெருவையும் பனி மூடிய மரங்களையும் கேன்வாஸில் பிடித்தேன். ஊர் திரும்பும்வரை அந்த வெள்ளையோடுதான் மல்லுக்கட்டினேன்.

பொன்னேரியில் என் வீட்டு ஹாலில் அதை மாட்டியிருந்தேன். ஒருமுறை வீட்டுக்கு வந்த எம்.டி., "ரிசப்ஷனுக்குக் குடுத்துடு ஆர்ட்டிஸ்ட், என்ன வேணுமோ கேளு" என்றார்.

"இது மட்டும் வேணாம் சார்" என்றுவிட்டேன்.

கொடுத்த கதை

ஷிஃப்ட் முடிந்து "வர்றேண்ணா" என்று பைக்கை எடுத்த தயாளன், ஹைவேயில் லாரி மோதிப் போய்விட்டான். அடக்கம் முடிந்த சில நாளில் அவன் மனைவி வளர்மதி என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, அந்தக் கொரியா படத்த எனக்குக் குடுத்துருங்கண்ணா. எந்த போட்டோலயும் வாயத் தொறக்காத மனுசன். அதுல தான் சிரிச்சிக்கினு கீறாரு."

எம்.டி.யிடம் சொன்னதை இவளிடம் எப்படிச் சொல்வது? ஆணியிலிருந்து இறக்கினேன். பழைய போர்வையில் சுற்றி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

காரியத்தன்று

சாமி படங்களுக்குப் பக்கத்தில் சின்ன ஃபிரேம். உள்ளே தயாளனின் முகமும் நெஞ்சும் மட்டும். கண்ணாடியில் சந்தனம், குங்குமம், மேலே மாலை, சுற்றிலும் சீரியல் பல்பு. தெருவும் இல்லை, மரமும் இல்லை.

"இன்னாம்மா வளர்மதி இது? வெட்டிட்டீங்களா?"

"ஆமாண்ணா. அவ்ளோ பெருச இந்த ஊட்ல எங்க மாட்றது? ஃபிரேம் கடைக்காரரு அளவா கட் பண்ணிக் குடுத்தாரு. நல்லா கீதுல்ல?"

கத்திவிடுவேனோ என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினேன். இலையில் உட்கார்ந்தும் கண் அந்த ஃபிரேமிலேயே இருந்தது.

கிளம்பும்போது பீரோவுக்குப் பின்னாலிருந்து சுருட்டிய கேன்வாஸை எடுத்துவந்தாள்.

"மிச்சம்ணா. வெறும் பனிதான். உங்க கையால வரஞ்சது, தூக்கிப் போட மனசு வரல."

பஸ் ஸ்டாப்பில் நின்று பிரித்தேன். வெறும் பனி இல்லை. நடுவில் சதுரமாக ஓட்டை. அதற்குக் கீழே, கொரியாவில் நாங்கள் தங்கிய ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் இரவல் வாங்கிய பூட்ஸில், தயாளனின் இரண்டு கால்கள் நின்றுகொண்டிருந்தன. மேலே ஆள் இல்லை.

அதுவரை என் படம் போச்சே என்றுதான் பதறிக்கொண்டிருந்தேன். தயாளன் போனது அங்கேதான் உறைத்தது. ரோடு என்றும் பாராமல் அழுதேன்.

படம் வரைகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கொடுத்த படத்தை என்ன செய்தார்கள் என்று கணக்குக் கேட்காதீர்கள். எனக்கு அது கொரியாவில் வரைந்த படம். வளர்மதிக்கு அது புருஷன்.