முனிரத்தினம் அடித்துவிட்ட ஒரு சொல்

கே.ஜி.கண்டிகையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. முனிரத்தினத்தின் மகள் லதா. "அங்கிள், நைனா காலையில போய்ட்டாருங்க" என்றாள். "எங்க போனாரு?" என்று கேட்டேன். எந்நேரமும் பழைய சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைகிற மனிதர் என்பதால் அப்படித்தான் வாயில் வந்தது. அவள் அழுதாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவர் கடையில் சீருடை தைத்துக்கொண்ட உங்களில் பலருக்கு அவர் வெறும் போலீஸ் டெய்லர். கடைக்கு மேலே இருந்த அறைக்கு ஏறிப் போனவர்களுக்குத்தான் இன்னொரு முனிரத்தினத்தைத் தெரியும். அங்கே பன்னிரண்டு ராணுவச் சீருடைகள் தொங்கின. இளவயதில் ஆள்சேர்ப்புக்குப் போய் மார்பளவு போதாமல் திரும்பியவர் அவர். "டேப் போட்டுப் பாத்து அனுப்பிச்சிட்டாங்க சார். அன்னியிலேர்ந்து நான் ஊருக்கே டேப் போட்டுகினு கீறேன்" என்பார். ஒவ்வொரு சீருடையின் உள்பக்கமும் அதற்கு உரியவர் பெயரைத் துணிச்சீட்டில் எழுதித் தைத்திருப்பார். போட்டவன் பெயர் தெரியாவிட்டால் அது வெறும் துணி என்பது அவர் கட்சி.

பெயர் இல்லாமல் தொங்கியது ஒன்றே ஒன்று. மலையடிவாரக் குளக்கரையில் ஜனங்கள் விட்டுப்போகிற துணிகளைச் சேர்த்து விற்கும் ஒருவரிடம் வாங்கிய பச்சைக் கம்பளிக் கோட்டு அது. மார்புப் பக்கம் ஒரு கிழிசல், அதைச் சுற்றி எத்தனை துவைத்தாலும் போகாத பழுப்புக் கறை. இறந்தவர் துணியைக் காரியம் முடித்துத் தண்ணீர் ஓரம் விட்டுப்போவது நமக்குத் தெரிந்த வழக்கம்தானே. குண்டு பாய்ந்து செத்தவன் கோட்டு என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவே கட்டிவிட்டோம். ஆடிக்கிருத்திகைக்கு மலைக்குப் போய் வந்ததும் அதன் முன்னால் விளக்கேற்றுவார். "பேர் தெரியாதவனுக்கு வௌக்கு ஏத்துறது மனசுக்கு ஆறல சார். அவன் பேரக் கண்டுபுடிச்சி, போட்டோவுக்கு ஒரு மாலை போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்பார்.

தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் ராணுவ அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. காலருக்குள் இருந்த எண்ணில் கடைசி மூன்று இலக்கம்தான் தெரிந்தது. முழு எண் இல்லாமல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. நான் அத்தோடு விட்டிருப்பேன். அவர் விடவில்லை.

ஒரு நாள் கடைக்குக் கூப்பிட்டு, கோட்டின் இரண்டாவது பட்டனைக் காட்டினார். மற்றவை மெஷின் தையல். இது மட்டும் கைத்தையல், தறி நூல். "டெய்லர் எவனும் இப்டி முடிச்சு போடமாட்டான். அறுந்த பாவு நூல சேக்கிற முடிச்சு சார் இது. நெசவுக்காரங்க வூட்டுல யாரோ போட்டுகீறாங்க." அவர் மனைவி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், அதனால் அந்த முடிச்சு அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. எட்டு வருஷமாக அந்தப் பட்டனைப் பார்த்த எனக்கு அது வெறும் பட்டன்தான்.

அதற்குப் பிறகு கடை விடுமுறையான செவ்வாய்க்கிழமை எல்லாம் தறிகள் நிறைந்த பள்ளிப்பட்டுக்குத்தான் பஸ். தறி வீடு தறி வீடாக ஏறி இறங்கினோம். "கோட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்று தெருவே கிண்டல் செய்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அவருக்கு இல்லை. கடைசியில் ஒரு டீக்கடைக்காரர், "மிலிட்டரிக்குப் போனவரா? ஆங், பாஸ்கர் வூடு. மூணாவது சந்து" என்றார். ஆள் இருக்கிறாரா என்று கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஒரு ரோஜா மாலை வாங்கினோம். துக்கம் கேட்க என்ன சொல்வது என்று அவர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கதவைத் தட்டினோம். உள்ளே தறிச் சத்தம் நின்றது. லுங்கி கட்டிய ஒருவர் திறந்தார். பாஸ்கர் வீடு இதுதானா என்றேன். "நான்தாங்க பாஸ்கர். மாலை யாருக்கு?" நான் தரையைப் பார்த்தேன். முனிரத்தினம் ஒரு நொடிதான் திகைத்தார். பிறகு, "உங்களுக்குத்தாங்க" என்று அவர் கழுத்திலேயே போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

கோட்டைப் பார்த்ததுமே தன்னுடையதுதான் என்றார் பாஸ்கர். கிழிசல் முள்கம்பியில் பட்டதாம். கறை, அவர் மேல் சாய்ந்தபடி உயிர் விட்ட கூட்டாளியுடையது. முழுசாக ஊர் திரும்பினால் தணிகை முருகனுக்கு மொட்டை போட்டு, குளக்கரையிலேயே அந்தக் கோட்டை விட்டுவிடுவதாக அவருக்கு வேண்டுதல். முனிரத்தினம் கோட்டை நீட்டினார். "விட்டத திரும்ப எடுக்கக்கூடாதுங்க" என்று பாஸ்கர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆனால் கண் இரண்டாவது பட்டனிலேயே இருந்தது. "லீவுல வந்தப்ப அம்மா தெச்சது. அடுத்த லீவுக்கு நான் வரதுக்குள்ள அவங்க போய்ட்டாங்க."

ஒரு நூல் பிரிந்தாலும் அது வேறு சட்டையாகிவிடும் என்று என்னைத் தொடக்கூட விடாதவர் முனிரத்தினம். அவரே பையிலிருந்து கத்தரியை எடுத்தார். முடிச்சு அவிழாமல், துணியைச் சுற்றி வெட்டி, பட்டனை பாஸ்கர் உள்ளங்கையில் வைத்தார். "கோட்டத்தானே விடறதா வேண்டிகினீங்க? அம்மா பட்டன இல்லியே" என்றார். அவரை நான் மனசுக்குள் கும்பிட்டது அன்றுதான்.

கோட்டில் தைப்பதற்காக முன்கூட்டியே எழுதிய சீட்டு அவர் பையில் இருந்தது. 'அமரர்' என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டிருந்தார். அந்தச் சொல்லைப் பேனாவால் அழுத்தி அடித்தார். "அடிச்சத தெக்கக்கூடாது. புதுசு எழுதிக்கலாம்" என்று தூக்கிப் போட்டார். நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன்.

அடக்கத்துக்குப் பள்ளிப்பட்டிலிருந்து பாஸ்கர் வந்திருந்தார். "உயிரோட கீறப்பவே எனக்கு மாலை போட்டாரு சார். அவருக்கு அப்டி போடற குடுப்பினை எனக்கு இல்லாமப் போச்சே" என்று ரோஜா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

நம் அஞ்சலிக் கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். "அமரர்னு போடாம வுட்டுட்டீங்களே சார்" என்றார் அச்சகத்துக்காரர். "வேணாம்பா. அந்த விஷயத்துல நாங்க ஒரு தடவ அவசரப்பட்டவங்க" என்றேன். அவர் அடித்துப் போட்ட அந்தச் சீட்டு இப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது. கடைக் கதவைத் தட்டினால் அவரே வந்து திறப்பார் என்று எனக்கு இன்னும் ஒரு நப்பாசை.